புனித சவேரியார் கப்பலேறிய கதை

1541-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள். லிஸ்பன் நகரில் தாகுஸ் ஆறு கடலோடு கலக்கும் துறையில் ஐந்து பெரிய பாய்மரக் கப்பல்கள் நங்கூரம் எடுத்தன. அவற்றின் தலைமைக் கப்பலுக்குச் சந்தியாகு என்று பெயர். நம் ஊர்களில் சந்தியாகப்பர் என்று நாம் அன்போடு அழைக்கும் அப்போஸ்தலரின் பெயர்தான் அது. போர்த்துக்கீசியரின் இந்தியப் பகுதிகளுக்குப் புதிய ஆளுநராக நியமிக்கப்பட்டிருந்த மார்ட்டின் அல்போன்சு தெ சூசா அதில் இருந்தார். வீரர்கள், வணிகர்கள், மாலுமிகள், பிழைப்புத் தேடிச் செல்வோர், கப்பலில் எடுபிடி வேலைக்கு வந்த சிறுவர்கள் என எல்லா வகை மக்களும் இருந்தனர். அக்கூட்டத்தினிடையே சாயம்போன அங்கி அணிந்த குரு ஒருவர் நின்றார். அன்று அவருக்கு முப்பத்தைந்து வயது நிறைந்தது. பிறந்த நாளிலேயே தம் கண்டத்தைவிட்டுப் புறப்பட்ட அவர் மீண்டும் அதைக் காணவேயில்லை. அவரே நம் பிரான்சிஸ் சவேரியார்.

ஆண்டுதோறும் டிசம்பர் 3-ஆம் நாள் நாம் அவருக்குத் திருவிழா எடுக்கிறோம். சுரூபங்களில் அவரை எப்போதும் கரையில் நிற்பவராகவே காண்கிறோம். கையில் சிலுவை இருக்கும், காலடியில் மக்கள் இருப்பார்கள். அந்தக் கரைக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. லிஸ்பனிலிருந்து கோவாவை அடைய அவருக்குப் பதின்மூன்று மாதங்கள் ஆயின. அந்தப் பதின்மூன்று மாதங்களைப் பற்றியே இங்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஓர் உண்மை. இந்தியாவுக்கு வரவேண்டியவர் அவர் அல்லர்.

நவார் நாட்டில் சவேரியார் கோட்டை என்னும் இடத்தில் 1506-ஆம் ஆண்டு, உயர்குடியில் பிறந்தவர் அவர். கல்விக்காகப் பாரிசுக்குச் சென்றார். அங்கு ஒரே அறையில் தங்கியிருந்த பீட்டர் பேபரும் இஞ்ஞாசியாரும் அவருடைய வாழ்வையே மாற்றினார்கள். பாரிசில் அவர் படித்துக்கொண்டிருந்த காலத்தில் வீட்டில் பணமுடை ஏற்பட்டது. படிப்பை நிறுத்தி அவரைத் திரும்ப அழைத்துவிடலாமா என்று வீட்டார் யோசித்தார்களாம். அப்போது அவருடைய தமக்கை மதலேனாள், காந்தியா நகரின் கிளாரா சபை மடத்திலிருந்து, தம்பியைப் படிக்க விடுங்கள், இறைவன் அவனைக்கொண்டு பெரிய காரியம் செய்வார் என்று எழுதியதாக ஒரு செவிவழிச் செய்தி உண்டு. மதலேனாள் 1533-இல் இறந்துவிட்டார். தம்பி கப்பலேறியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. மடத்துக் கதவுகளுக்குள் இருந்த ஒரு கன்னிகையின் சொல் நம் கடற்கரைவரை வந்து பலித்ததை நாம் மறக்கலாகாது.

1540-இல் போர்த்துக்கல் அரசர் மூன்றாம் ஜான், இந்தியாவுக்கு அனுப்பக் குருக்கள் வேண்டுமென்று கேட்டார். இஞ்ஞாசியார் சீமோன் ரொட்ரிகஸையும் நிக்கோலஸ் பொபதில்லாவையும் தெரிந்தெடுத்தார். சவேரியாரோ ரோமாபுரியிலேயே தங்கிக் கடிதங்கள் எழுதி உதவி வந்தார். புறப்பட வேண்டிய வேளையில் பொபதில்லா நோயுற்றுப் படுத்துவிட்டார். அரசரின் தூதர் மறுநாளே கிளம்ப வேண்டும், காத்திருக்க நேரமில்லை. இஞ்ஞாசியாரும் அப்போது நோய்ப்படுக்கையில் இருந்தார். அவர் சவேரியாரை அழைத்து, இந்த வேலை உமக்குத்தான் என்றார். சவேரியார் தாம் தயார் என்றார். கிழிந்த உடையைத் தைத்துக்கொண்டார், பாப்பரசர் மூன்றாம் சின்னப்பரிடம் ஆசிர் பெற்றார், மறுநாள் புறப்பட்டுவிட்டார். மாற்றாளாக ஒரே நாளில் அனுப்பப்பட்டவரே கீழ்த்திசையின் அப்போஸ்தலர் ஆனார்.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்பெயின் வழியாகச் செல்லும்போது பிறந்த வீட்டருகே வந்தும், தம் தாயைக் காணாமலே அவர் சென்றுவிட்டார் என்று பழைய சரித்திரங்கள் சில கூறுகின்றன. சிறு வயதில் நம்மில் பலரும் அதைக் கேட்டு வியந்ததுண்டு. ஆனால் அவருடைய தாய் மரியாள் 1529-ஆம் ஆண்டே இறந்துவிட்டார். தந்தை அதற்கும் முன்பே, 1515-இல், காலமானார். விடைபெறுவதற்கு அவருக்குத் தாயுமில்லை, தந்தையுமில்லை. இல்லாத கதையைச் சேர்த்து அவரைக் கல்நெஞ்சராக்க வேண்டிய தேவை இல்லை.

அவர் லிஸ்பனை அடைந்தபோது அவ்வாண்டின் கப்பல்கள் போய்விட்டிருந்தன. இந்தியாவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, இளவேனிற்காலத்தில்தான் கப்பல்கள் புறப்படும். எனவே அடுத்த ஆண்டுவரை காத்திருந்தார். இடைக்காலத்தில் சிறைச்சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சென்று பணி செய்தார். அதைக் கண்ட அரசர் இருவரையும் தம் நாட்டிலேயே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். முடிவில் ரொட்ரிகஸ் தங்குவது, சவேரியார் செல்வது என்று ஏற்பாடாயிற்று. அவருடன் செல்ல இருவர் கிடைத்தனர். ஒருவர் இத்தாலியரான சின்னப்பர் என்னும் குரு. மற்றவர் பிரான்சிஸ் மன்சிலாஸ் என்ற போர்த்துக்கீசிய இளைஞர். படிப்பில் மந்தமானவர் என்று பலரும் கருதிய இந்த மன்சிலாஸுக்குத்தான் சவேரியார் பிற்காலத்தில் நம் முத்துக்குளித்துறையிலிருந்து அத்தனை கடிதங்கள் எழுதினார்.

புறப்படுவதற்குமுன் அரசர் அவரிடம் பாப்பரசரின் ஆணைகளைக் கொடுத்தார். கீழ்த்திசை முழுவதற்கும் அவர் பாப்பரசரின் தூதர் என்று அவற்றில் எழுதியிருந்தது. அரசரின் அமைச்சர், தூதருக்கு ஏற்ற முறையில் பயணத்துக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலைத் தருமாறு கேட்டார். சவேரியார் எதுவும் வேண்டாமென்றார். அமைச்சர் மீண்டும் மீண்டும் வற்புறுத்தவே, சில புத்தகங்களும், ஆப்பிரிக்காவின் தென்முனையில் குளிர் கடுமையாக இருக்கும் என்பதால் மூவருக்கும் முரட்டுக் கம்பளி உடையும் போதும் என்றார். ஒரு வேலைக்காரனையாவது அழைத்துச் செல்லுங்கள் என்று அமைச்சர் கெஞ்சினார். பாப்பரசரின் தூதர் கப்பலின் ஓரத்தில் நின்று தம் துணியைத் தாமே துவைப்பதும், அடுப்பில் தம் சட்டியைத் தாமே வைப்பதும் மற்றவர் கண்ணுக்கு அழகாயிராது என்பது அவர் கருத்து. சவேரியார் அதற்குச் சொன்ன பதில் கடுமையானது. இப்படிப்பட்ட மரியாதைகளைத் தேடித் தேடித்தான் திருச்சபை இன்றுள்ள நிலைக்கு வந்தது. என் துணியை நானே துவைப்பேன், மற்றவர்களுடைய துணியையும் துவைப்பேன், அதனால் என் மதிப்பு குறைந்துவிடாது என்ற பொருள்படச் சொல்லி அனுப்பினார். சொன்னபடியே செய்தார்.

இந்தியாவுக்கான கடல்வழி அக்காலத்தில் எவ்வாறு இருந்தது என்பதை வரைபடத்தில் பார்த்தால்தான் விளங்கும். நீராவியும் இயந்திரமும் இல்லாத காலம். காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கேதான் கப்பல் போகும். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியே நேராகத் தெற்கே வந்துவிட முடியாது. எதிர்க்காற்றும் எதிர் நீரோட்டமும் தடுக்கும். ஆகவே பூமத்திய ரேகையைத் தாண்டியதும் மேற்கே ஒதுங்கி, ஏறத்தாழப் பிரேசில் நாட்டின் பக்கம்வரை சென்று, அங்கிருந்து தெற்கே இறங்கி, மேலைக்காற்றைப் பிடித்து நன்னம்பிக்கை முனையைச் சுற்ற வேண்டும். பிறகு மொசாம்பிக் வந்து, தென்மேற்குப் பருவக்காற்றில் பாய் விரித்துக் கோவாவை அடைய வேண்டும். குற்றாலத்தில் நமக்குச் சாரலைக் கொண்டுவரும் அதே காற்றுத்தான்! எல்லாம் நன்றாக நடந்தால் ஆறு மாதம். காற்று ஓரிடத்தில் ஏமாற்றிவிட்டால் ஓராண்டுக்கும் மேல்.

சந்தியாகு கப்பலுக்குக் காற்று ஏமாற்றிவிட்டது. ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக் கரைக்கு அப்பால் காற்றே இல்லாத கடற்பகுதியில் கப்பல்கள் சிக்கிக்கொண்டன. நாற்பது நாள் அங்கே கிடந்தன. பாய்கள் கந்தைபோல் தொங்கின. உச்சியில் வெயில், அடியில் கொதிக்கும் தளம். பலகை இடுக்குகளில் பூசிய கீல் உருகி வழியும். பீப்பாய்களில் அடைத்து வைத்த குடிநீர் நாற்றமெடுத்துப் புழு வைக்கும். (பீப்பாய் என்ற சொல்லே போர்த்துக்கீசியரிடமிருந்து நாம் பெற்றது என்பதை நம் வாசகியர் அறிவார்களா?) கல்லைப் போன்ற கப்பல் ரொட்டி, உப்பிட்ட இறைச்சி, உப்பிட்ட மீன் ஆகியவையே உணவு. அதை உண்டால் தாகம். தாகத்துக்கு அளந்து கொடுக்கும் அழுக்கு நீர். பழமும் காய்கறியும் மாதக்கணக்கில் இல்லாமையால் ஈறுகள் வீங்கிப் பற்கள் ஆடும், கைகால்களில் நீலம் பாரிக்கும், வலுவிழந்து மனிதர் சாவார்கள். ஸ்கர்வி எனப்படும் இந்நோய் ஒருவகை உயிர்ச்சத்தின் குறைவால் வருவது என்று இன்று நாம் அறிவியல் பாடத்தில் படிக்கிறோம். ஓர் எலுமிச்சம்பழம் செய்யக்கூடியதை அன்று எந்த வைத்தியமும் செய்யவில்லை.

அந்தக் கப்பலில் சவேரியார் எவ்வாறு இருந்தார்? புயலைக் கண்டு சிரித்துக்கொண்டு நின்ற வீரராக அவரை எண்ணிவிட வேண்டாம். கப்பலேறிய நாள் முதல் இரண்டு மாதங்கள் குமட்டலும் வாந்தியுமாக அவர் துன்புற்றார். இதை அவரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதோடு நிற்கவில்லை. இப்பயணத்தின் கஷ்டங்கள் எத்தகையவை என்றால், உலகம் முழுவதையும் தருவதாகச் சொன்னாலும் அவற்றை ஒரு நாளுக்குக்கூட ஏற்கத் தமக்குத் துணிவு வந்திராது என்றும், இறைவனுக்காக என்பதாலேயே தாங்க முடிந்தது என்றும் எழுதினார். புனிதர்கள் இப்படி மனம் திறந்து எழுதியவற்றைப் படிக்கும்போதுதான் அவர்கள்மேல் நமக்கு உண்மையான பற்று ஏற்படுகிறது என்பது நம் கருத்து.

வயிற்றைப் பிடித்துக்கொண்டே அவர் வேலை செய்தார். ஆளுநர் தம் மேசையிலிருந்து அவருக்கு அனுப்பிய நல்ல உணவை நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டார். தமக்கு ஒதுக்கிய சிற்றறையையும் நோயாளிகளுக்கு விட்டுவிட்டுத் தளத்திலே கயிற்றுச் சுருளின்மேல் தலைவைத்துப் படுத்தார் என்பார்கள். ஞாயிறுதோறும் பாய்மரத்தடியில் பிரசங்கம் செய்தார். ஆளுநரும் வந்து கேட்டார். கப்பற் சிறுவர்களுக்கும் வேலையாட்களுக்கும் ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தார். வேலையில்லாத மாலுமிகள் சீட்டாடி, பணம் வைத்துத் தோற்று, கத்தி எடுத்துச் சண்டையிடுவது அக்காலக் கப்பல்களில் அன்றாட வழக்கம். சவேரியார் அவர்களைக் கடிந்து விரட்டவில்லை. பக்கத்தில் போய் அமர்ந்துகொள்வாராம், ஆட்டத்தைப் பார்ப்பாராம், வீட்டைப் பற்றியும் மனைவி மக்களைப் பற்றியும் விசாரிப்பாராம். சில நாளில் அவர்களே பாவசங்கீர்த்தனத்துக்கு அவரைத் தேடி வந்தார்கள். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவருக்கு இது புதிய பாடம். எழுத்தறியாத, முரட்டு வாய்ப்பேச்சுள்ள மனிதர்களோடு ஒரே தளத்தில் மாதக்கணக்காக இருந்ததில்தான், பின்னர் மணப்பாட்டுக் கரையில் மீனவர் குடிசைகளுக்குள் தயக்கமின்றி நுழையும் பழக்கம் அவருக்கு வந்தது என்று நாம் எண்ணுகிறோம்.

நன்னம்பிக்கை முனையைக் கடந்து மொசாம்பிக் தீவை அடையும்போது பருவக்காற்றின் காலம் முடிந்துவிட்டது. இனி அடுத்த ஆண்டுதான் பயணம். ஐந்து கப்பல்களின் மக்களும் அச்சிறு தீவில் இறங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள் தங்கினார்கள். கெட்ட நீரும் காய்ச்சலும் உள்ள ஊர் அது. மருத்துவமனை நிரம்பி வழிந்தது. சவேரியாரும் தோழர் இருவரும் அங்கேயே குடிபுகுந்தனர். மற்ற இருவரும் உடல் நோயைக் கவனிக்க, சவேரியார் பாவசங்கீர்த்தனம் கேட்டார், நற்கருணை வழங்கினார், சாகிறவர்களின் பக்கத்தில் இருந்தார். கடைசியில் அவரையும் காய்ச்சல் பிடித்தது. 1542 ஜனவரி முதல் நாள் ரோமாபுரித் தோழர்களுக்குக் கடிதம் எழுதியபோது, அன்றைக்கு ஏழாவது முறையாகத் தமக்கு இரத்தம் எடுத்தார்கள் என்று குறிப்பிட்டார். இரத்தத்தை வெளியேற்றினால் காய்ச்சல் தணியும் என்பது அக்கால வைத்தியம்! அந்த நிலையிலும், சுயநினைவின்றிச் சாகக் கிடந்த ஒரு மாலுமியைத் தம் படுக்கையில் கிடத்தச் செய்தார் என்றும், அவன் தெளிவு பெற்று நல்ல மரணம் அடைந்தான் என்றும் சொல்வார்கள்.

ஆளுநர் மற்றக் கப்பல்களுக்காகக் காத்திராமல் வேறொரு கப்பலில் முன்னதாகப் புறப்பட்டார். சவேரியாரும் வரவேண்டும் என்றார். இன்னும் நோயாளிகள் இருந்ததால் தோழர் இருவரையும் அங்கே விட்டுவிட்டுச் சவேரியார் மட்டும் ஏறினார். வழியில் மலிந்தி நகரில் தங்கியபோது அவ்வூர் இஸ்லாமியப் பெரியவர் ஒருவர் அவரிடம் பேசினார். தம் ஊரிலுள்ள பதினேழு பள்ளிவாசல்களில் மூன்றில் மட்டுமே இப்போது தொழுகைக்கு ஆள் வருகிறது என்று வருந்திய அவர், உங்கள் மக்களிடமாவது பக்தி இருக்கிறதா என்று கேட்டாராம்.

அடுத்து சொகோத்ரா தீவு. நெல்லும் கோதுமையும் விளையாத வறண்ட நிலம். பேரீச்சம்பழமே அங்கு அப்பம். அங்குள்ளவர்கள் தங்களைப் புனித தோமையாரின் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஆனால் கற்பிப்பார் இன்மையால் செபங்களின் பொருள் அவர்களுக்கே தெரியவில்லை. சவேரியார் அங்குப் பல குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். எங்களோடு தங்கிவிடுங்கள் என்று மக்கள் மன்றாடினார்கள். தங்கவே விரும்பினார் அவரும். துருக்கியர் வந்தால் சிறை பிடித்துவிடுவார்கள் என்று சொல்லி ஆளுநர் அனுமதிக்கவில்லை. அன்று ஆளுநர் சம்மதித்திருந்தால் தூத்துக்குடிக்கும் மணப்பாட்டுக்கும் வேறு யாரேனும் வந்திருப்பார்கள்; அல்லது நெடுங்காலம் யாருமே வந்திருக்கமாட்டார்கள்.

1542 மே 6-ஆம் நாள் கப்பல் கோவாவை அடைந்தது. தூதருக்கு ஏற்ற மாளிகையை ஒதுக்கி அவர் மருத்துவமனையிலே தங்கினார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சிறுவர்களை அழைத்தார். ஆறு மாதம் ஆவதற்குள் மீண்டும் மரக்கலம் ஏறிவிட்டார். இம்முறை நம் கரைக்கு! தமிழ் அறிந்த குருமாணவர் சிலரைக் கோவாவிலிருந்து துணைக்கு அழைத்துக்கொண்டு மணப்பாட்டில் வந்திறங்கினார். உடைந்த பாய்மரம் ஒன்றைக் கொண்டு கப்பல் தலைவன் நேர்ச்சையாக நட்ட சிலுவை அவருக்கு முன்பே அங்கு இருந்தது என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லும் செய்தி. மன்சிலாஸும் பின்னர் அங்கு வந்து சேர்ந்தார். இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி வைத்து, விசுவாசப் பிரமாணத்தையும், பரலோக மந்திரத்தையும், மங்கள வார்த்தை மந்திரத்தையும், பத்துக் கட்டளைகளையும் மிகுந்த பாடுபட்டுத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். நம் குழந்தைகள் ஆங்கிலப் பாடத்துக்குத் திணறுவதைப் போலவே அவரும் நம் மொழிக்குத் திணறினார் என்று அறிவது அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

அதன்பின் வந்த பத்தாண்டுகளை இங்கு விரிக்க இடமில்லை. திருவாங்கூர், மயிலாப்பூர், மலாக்கா, மொலுக்காத் தீவுகள் என்று கப்பலும் கரையுமாகவே அவர் வாழ்க்கை நடந்தது. மலாக்காவிலிருந்து கொச்சிக்குத் திரும்பிய ஒரு பயணத்தில் மூன்று நாள் இரவும் பகலும் புயல் அடித்துச் சரக்குகளைக் கடலில் எறிய நேர்ந்தது. 1549-இல் ஒரு சீனக் கப்பலில் ஜப்பானுக்குச் சென்றபோது, கொந்தளித்த கடலில் கப்பல் தலைவனின் மகள் தவறி விழுந்து அவர் கண்முன்னே மூழ்கிப்போனாள். இரவு முழுவதும் கப்பலில் எழுந்த அழுகையை அவர் தம் கடிதத்தில் மறக்காமல் எழுதினார். அந்தப் பெண்ணின் பெயர் எழுதப்படவில்லை.

கடிதங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரோமாபுரிக்கு எழுதிப் பதில் பெற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதே கப்பல், அதே காற்று, அதே காத்திருப்பு. தோழர்களின் கடிதங்கள் வந்தபோது, அவர்கள் தம் கையால் எழுதிய பெயர்களை மட்டும் கத்தரித்தெடுத்து, தாம் கொடுத்த வார்த்தைப்பாட்டின் ஏட்டோடு சேர்த்து ஒரு சிறு பையில் வைத்து நெஞ்சில் அணிந்துகொண்டார். பற்றுகளைத் துறந்தவர் என்று நாம் எண்ணும் மனிதர், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், நண்பர்களின் பெயர்களை உடம்போடு சேர்த்து வைத்திருந்தார்.

1552-ஆம் ஆண்டு சீனாவுக்குள் நுழைய எண்ணி, அந்நாட்டுக் கரையை ஒட்டிய சான்சியான் தீவில் இறங்கினார். அந்நியர் உள்ளே வந்தால் சிறை என்பது சட்டம். தம்மை மறைவாகக் கரை சேர்ப்பதாகக் கூலி பேசிய சீன வணிகனின் படகுக்காக நாள்தோறும் கடலைப் பார்த்திருந்தார். படகு வரவில்லை. காய்ச்சல் வந்தது. டிசம்பர் 3-ஆம் நாள் விடியுமுன் ஓர் ஓலைக் குடிசையில் அவர் உயிர் பிரிந்தது. வயது நாற்பத்தாறு. பக்கத்தில் இருந்து கையில் மெழுகுதிரி கொடுத்தவர் அந்தோணி என்ற சீன இளைஞர்.

அச்செய்தியும் கப்பலில்தான் செல்ல வேண்டியிருந்தது. 1553 ஜூன் மாத இறுதியில், நலங்கெட்ட உடம்போடு ரோமாபுரியில் இருந்த இஞ்ஞாசியார், சவேரியாரை உடனே ஐரோப்பாவுக்குத் திரும்பி வருமாறு அழைத்து ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். அப்போது சவேரியார் இறந்து ஏறத்தாழ ஏழு மாதங்கள் ஆகியிருந்தன.